நடுச்சுவரில் போன குழாய்

அலோன், ரங்கூன்
ஆடி மாதம், வெள்ளிக்கிழமை

அன்புள்ள சுரேந்திரனுக்கு,

நம் வீட்டு நடுச்சுவரை நீ அறுத்துவிட்டாய். ரம்பம் பிடித்த கை அஸ்கருடையது, அறுத்தது நீ. இதை எழுதிவிட்டுத்தான் சுகம் விசாரிப்பது என்று இருந்தேன், எழுதிவிட்டேன். இனி முறைப்படி எழுதுகிறேன். நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம். நீ அந்த டொரான்டோவில் நோய் நொடி இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழ வேண்டும் என்று காளியம்மனிடம் தினமும் சொல்லிக்கொள்கிறேன், உன்மேல் கோபமாக இருக்கும் நாளிலும் அதை விடவில்லை. அப்பாவுக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம் மேலே நிற்கிறது, முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, ஆனாலும் துறைமுகத்தில் மூட்டைக் கணக்கு எழுதப் போகாத நாள் இல்லை. இன்சீனில் உன் சித்தி புஷ்பலதா நலம், வட்ட ரயில் பிடித்து ஞாயிற்றுக்கிழமை வந்து போனாள், உன்னைக் கேட்டாள். மழை விடாமல் கொட்டுகிறது. கரண்ட் வரும் நேரத்தில் வருகிறது, வராத நேரத்தில் யாரும் எதுவும் கேட்பதில்லை. சாமான் விற்கிற விலையைப் பற்றி எழுதப் போவதில்லை, எழுதினால் இந்தத் தாளில் வேறு எதற்கும் இடம் இருக்காது.

நான் பேசிப் பதிவு செய்து அனுப்பினால் நீ பாதி கேட்டுவிட்டுக் கட்டைவிரல் படம் ஒன்று போட்டுவிடுகிறாய். கூப்பிட்டால் வேலையில் இருக்கிறாய், வேலையில் இல்லாவிட்டால் பேருந்தில் இருக்கிறாய், பேருந்தில் இல்லாவிட்டால் சத்தம் விட்டு விட்டுக் கேட்கிறது. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு இக்ரா கல்லூரியில் படிக்கிற பெண், அவளிடம் கொடுத்துப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்பச் சொல்வேன். கட்டைவிரல் போடுவதற்கு முன்னால் கடைசிப் பக்கம் வரை போ.

நீ இந்த வீட்டில் பிறந்தவன், உனக்கு நான் வீட்டை விளக்க வேண்டியதில்லை என்று நினைத்திருந்தேன், அது தப்பு என்று இப்போது தெரிகிறது, ஆகவே விளக்குகிறேன். நம் வீட்டின் மேல்பாதி மரம். கீழ்ப்பாதி தெருமட்டத்துக்குக் கீழே இறங்கிய செங்கல் அறை, முன் காலத்தில் துறைமுகத்துக் கயிறும் தார்ப்பாயும் போட்டு வைத்த கிடங்கு. அந்தக் கீழறையின் நடுவில், பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் வரை, வரிசையாகத் தேக்குக் கால்கள் நிற்கின்றன. அவற்றின் தலையில் ஒரு நீள உத்தரம். நாங்கள் நடக்கிற, சமைக்கிற, படுக்கிற தரை முழுவதும் இரண்டு பக்கத்திலிருந்தும் அந்த உத்தரத்தின்மேல்தான் வந்து உட்காருகிறது. கால்களின் இருபுறமும் பலகை அடித்திருப்பதால் பார்ப்பதற்கு வெறும் தடுப்பு மாதிரி இருக்கும். நீ சின்னப் பையனாக அதில் பந்து அடித்து விளையாடியவன், உனக்கும் அது தடுப்பாகவே மனதில் நின்றுவிட்டது. போன பங்குனியில் நிலம் ஆடியபோது மேலே பாத்திரம் எல்லாம் விழுந்தன, அந்தச் சுவர் அசையவில்லை. நிலநடுக்கத்துக்கு அசையாததை நீ தொலைபேசியில் பேசியே சாய்த்துவிட்டாய்.

அப்பாவால் படி இறங்கிப் பின்கட்டுக் கக்கூசுக்குப் போக முடியவில்லை, மேலேயே ஒரு குளியலறை கட்டிக் கொடுக்கிறேன் என்று நீ சொன்னது நல்ல எண்ணம்தான். அதை நான் குறைத்துப் பேசவில்லை. குளியலறை பின்பக்கம், செப்டிக் தொட்டி முன்பக்கம், அதனால் கழிவுக் குழாய் வீட்டை முழுவதுமாகக் கடந்துதான் போக வேண்டும். அதற்கு நேரான வழி, கீழறையில் கூரையை ஒட்டித் தொங்கவிட்டு, தண்ணீர் இறங்க வாட்டம் கொடுத்து, முன்பக்கம் கொண்டு போவது. எவனும் எதையும் வெட்ட வேண்டாம், கசிந்தால் கண்ணுக்குத் தெரியும், ஒரு வாளி வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடலாம். குழாய் வேலைக்கு வந்த அஸ்கர் முதல் நாள் அதற்குத்தான் கொக்கிகளைக் கொண்டு வந்தான். அதைக் கெடுத்தது நம் ஊர் ஆம்பிளைகளின் தலை.

கீழே குடியிருக்கிற தெட் நைங்கை நீ பார்த்ததில்லை, தொலைபேசியில் பேசியிருக்கிறாய். சகாயிங் பக்கத்துக் கிராமம், ஊர் எரிந்தபோது பெண்டாட்டியோடு கிளம்பி வந்தவன், அப்போது அவள் வயிற்றில் பிள்ளை. இப்போது துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான். அவள் பெயர் யூ வா, வாசலில் அடுப்பு வைத்துப் பருப்பு வடை சுட்டு விற்கிறாள். கைக்குழந்தை ஒன்று, பெண். இருக்கிற இடம் தெரியாமல் இருக்கிற ஜனங்கள். வாய் திறந்து எதுவும் கேட்காத அந்தத் தெட் நைங் கொக்கிகளைப் பார்த்ததும் வாய் திறந்தான். அன்டி, நான் இல்லாதவன்தான், ஆனா ஆம்பிளை, பொம்பளைங்க குளிச்ச தண்ணியும் துணி அலசுன தண்ணியும் என் தலைக்கு மேல ஓடுனா என் மகிமை என்னாகும், நான் எப்படி உருப்படுவேன் என்றான். இப்ப மட்டும் என்னடா ராஜாவாவா இருக்கே, மூட்டை தூக்குற தலையிலே மகிமை எங்கேடா ஒட்டிக்கிட்டு இருக்கு என்று நான் கேட்டேன். யூ வா வடைக் கரண்டியால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாள். ஆனால் உன் அப்பா சிரிக்கவில்லை. அவன் சொல்றதும் ஞாயந்தானே, பொம்பளைங்க இடுப்புல கட்டுற தமெய்ன் காயுற கொடிக்கு அடியிலே கூட நாம நடக்குறதில்ல என்றார். உன் அப்பா பாதி பர்மாக்காரர், இந்த விஷயத்தில் மட்டும் முழு பர்மாக்காரர். அஸ்கரும் கொக்கியைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அவனுக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் இரண்டு ஆம்பிளைகள் ஒன்றாகச் சொன்னால் மூன்றாவது ஆம்பிளை எதிர்த்துப் பேசுவதில்லை. நாலாவது ஆம்பிளை நீ, உன்னைக் கூப்பிட்டார்கள்.

நீ நினைத்திருந்தால் சிரித்துவிட்டு, கூரையில் தொங்கவிடு என்று சொல்லியிருக்கலாம், உன் சொல்லை மூன்று பேரும் கேட்டிருப்பார்கள். இல்லாவிட்டால் வீட்டுக்கு வெளியே பக்கச் சந்து வழியாகக் கொண்டு போகச் சொல்லியிருக்கலாம். அதற்கு வார்டு ஆபீஸில் போய் நின்று, பக்கத்து வீட்டில் சம்மதம் கேட்டு, அவனுக்கும் இவனுக்கும் டீத்தண்ணி வாங்கிக் கொடுக்க வேண்டும், உனக்குப் பொறுமை இல்லை. சுவருக்குள்ளாற மறைச்சிடலாம்மா, இங்க எல்லா பேஸ்மென்ட்லயும் அப்படித்தான், நான் தினமும் செய்யுற வேலை, பார்க்கவும் நீட்டா இருக்கும் என்றாய். அஸ்கர் தொலைபேசியைப் பிடித்துக்கொண்டு சுவரைத் தட்டித் தட்டிக் காட்டினான். பாதியில் கரண்ட் போய் இணைப்பும் போய்விட்டது. மறுபடி கிடைத்தபோது நீ கேட்டது, என்ன நிறத்தில் சாயம் அடிக்கப் போகிறார்கள் என்று. இந்தச் சுவர் எதைத் தாங்குகிறது என்று நீ கேட்கவில்லை. என்னிடம் கேட்டிருக்கலாம். நான் அதன்மேல்தான் குடியிருக்கிறேன்.

ஆக, என் மேலே பட்டு வழிந்த தண்ணீர் அந்த ஆம்பிளைகளின் தலைக்கு மேலே போகக்கூடாது, காதோரமாகப் போகலாம் என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. பத்து மாதம் எந்தத் தண்ணீருக்குள் கிடந்து வந்தோம் என்று ஒருத்தனும் யோசிக்கவில்லை.

அஸ்கர் செய்த வேலையைச் சொல்கிறேன், கேள். நீ துளை போடச் சொன்னாய். குழாய் நீளம் நீளமாக வந்து இறங்கியிருந்தது. வரிசையாக நிற்கிற கால்களில் துளை போட்டால் அத்தனை நீளக் குழாயை எந்தப் பக்கத்திலிருந்து நுழைப்பது, நுழையாது, துண்டு துண்டாக வெட்டி ஒவ்வொரு இடத்திலும் இணைப்புப் போட வேண்டும். அதற்கு நேரம் ஆகும், இணைப்பு வாங்க மறுபடி கடைக்குப் போக வேண்டும். அவன் துளையை விட்டுவிட்டு ஒரு பக்கத்துப் பலகைகளைக் கழற்றினான், மின்ரம்பத்தை எடுத்து ஒவ்வொரு காலிலும் பக்கவாட்டில் வாய் பிளந்த மாதிரி வெட்டினான், குழாயைத் தூக்கித் தொட்டிலில் பிள்ளையைப் போடுவது போல அந்த வெட்டுகளில் படுக்க வைத்தான். வாட்டம் சரியாகத்தான் கொடுத்தான், அதில் குறை சொல்ல முடியாது. பின்பக்கக் காலில் தோள் உயரத்தில் தொடங்குகிற வெட்டு முன்பக்கம் போகப் போக இறங்கிக் கடைசிக் காலில் முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. நாலு அங்குலக் குழாய், ஆறு அங்குலக் கால். வெட்டின இடத்தில் காலில் மிச்சம் நின்றது என் கட்டைவிரல் நீளம். அதன்மேல் பலகையைத் திருப்பி அடித்து, பச்சைச் சாயம் பூசி, சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டான். அப்பா அவனுக்கு ஒரு கிண்ணம் மோஹிங்கா வாங்கிக் கொடுத்தார். எல்லோருக்கும் சுவர் பிடித்திருந்தது. உனக்கும் படம் அனுப்பினோம், நீ அதற்கும் கட்டைவிரல் போட்டாய்.

அந்தச் சுவரில் யூ வா ஒரு ஆணி அடித்தாள். கொசுவலைக்குக் கயிறு கட்ட. கீழறையில் மழைக்காலத்துக் கொசு உனக்குத் தெரியும், குழந்தையின் முகத்தில் தனகாப் பட்டை அரைத்துப் பூசி வைத்தால் தனகாவோடு சேர்த்துக் கடிக்கிறது. மரச்சுவர் இருக்கிற வீட்டில் கொசுவலைக்கு ஆணி அடிக்காத குடித்தனம் எது. ஆணி பலகையைத் துளைத்துக்கொண்டு உள்ளே குழாயில் இறங்கிவிட்டது. ஆணியே அடைப்பாகவும் இருந்ததால் பீறிட்டு வரவில்லை, கசிந்தது. நாங்கள் மேலே தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் கசிந்தது. பலகையில் ஈரம் கண்டதும் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது, வீட்டையே தான் உடைத்துவிட்டதாக நினைத்துக்கொண்டாள். தெட் நைங்கின் வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்து ஆணியைச் சுற்றி அப்பினாள், அது கரைந்ததும் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றினாள், நாற்றம் வந்ததும் ஊதுவத்தி கொளுத்தினாள். காலையும் மாலையும் ஊதுவத்தி. நான் என்ன செய்தேன், எவ்வளவு பக்தியான பெண் என்று மெச்சினேன், சுவாமி படத்துக்கு முன்னால் வைக்கிறாளென்று என்னிடம் இருந்த கட்டிலிருந்தும் இரண்டு எடுத்துக் கொடுத்தேன். அவளும் கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். குழந்தைக்கு வயிற்றோட்டம் வந்தது, தோலில் புண் வந்தது, தண்ணீரைக் காய்ச்சிக் கொடு என்று அவளுக்கே உபதேசம் செய்தேன். சுவருக்குள் சாக்கடை ஓடிப் பாய்க்குக் கீழே தேங்கிக்கொண்டிருந்தது.

வீடு சொல்லத் தொடங்கியது மேலேதான். துணி அலமாரியின் கதவு தானாகத் திறந்துகொண்டது. மழைக்கு மரம் ஊதும் என்றார் அப்பா. அரிசி களையும்போது சட்டியில் தண்ணீர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. சட்டி நெளிஞ்சிருக்கும் என்றார் அப்பா. போன வாரம் யூ வா வடைக்கு மாவு எடுக்க வெளியே வந்த நேரம் கீழறைக் கதவு நிலையோடு இறுகிக்கொண்டது, உள்ளே குழந்தை. அவள் கத்திய கத்தலில் தெருவே வந்துவிட்டது. நானும் அவளும் கடப்பாறை போட்டுக் கதவைப் பெயர்த்தோம், குழந்தை பாட்டுக்கு உட்கார்ந்து பாயைச் சப்பிக்கொண்டிருந்தது. கதவு ஏன் இறுகியது என்று பார்க்க நிலைக்கு மேலே இருந்த பலகையை நெம்பினேன், அதை ஒட்டிய நடுச்சுவர்ப் பலகையையும் நெம்பினேன். அப்போதுதான் அந்தக் கால்களைப் பார்த்தேன். வெட்டின வாயெல்லாம் கறுத்து ஊறிப்போய் இருந்தது. ஒரு கால் வெட்டிலிருந்து கீழே வரைக்கும் பிளந்து நின்றது. மேலே உத்தரம் நடுவில் தொய்ந்து கிடந்தது. யூ வா தரையில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டு, அமே, நாந்தான் ஆணி அடிச்சேன், நாந்தான் என்று அழுதாள். தேக்கு மரத்தைப் பாதிக்கு மேல் தின்றது ஒரு கொசுவலை ஆணி என்று நம்புகிற அளவுக்கு அவளை உலகம் பழக்கி வைத்திருக்கிறது.

ஆணி, வெட்டு, உத்தரம் எல்லாவற்றையும் படம் எடுத்து உனக்கு அனுப்பினேன். நீ பார்த்தாய், நீல அடையாளம் வந்தது. நீ கேட்ட ஒரே கேள்வி, யாரும்மா ஆணி அடிச்சது. குழந்தைக்கு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை, நீங்கள் எங்கே படுக்கிறீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எனக்குத் தெரியாமல் தெட் நைங்குக்குப் பர்மிய மொழியில் பேசி அனுப்பியிருக்கிறாய். அவன் அதை எனக்குப் போட்டுக் காட்டினான். வீட்டை நாசம் செய்துவிட்டீர்கள், மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்யுங்கள். உன் குரல்தான், நான் பெற்ற பிள்ளையின் குரல்தான், ஒரு முதலாளியின் வாயிலிருந்து வருகிற மாதிரி வந்தது. உனக்கு இந்தக் குரல் எப்போது வந்தது. போன தையில் அங்கே டொரான்டோவில் நீ படுத்திருக்கிற கீழறையில் மேலிருந்து தண்ணீர் சொட்டியபோது, உன் வீட்டுக்காரர் நல்லையா உன்னையே குற்றம் சொன்னார் என்று என்னிடம் ஒரு மணி நேரம் பொருமினாயே, மனுசனாம்மா இவன் என்று கேட்டாயே. அப்போது நானும் உன்னோடு சேர்ந்து அந்த மனிதரைத் திட்டினேன்.

உன் வீடியோவையும் பார்த்தேன். நீ வேலை செய்கிற இடத்தில் எடுத்துப் போட்டதை, என் மகன் கனடாவில் என்று புஷ்பலதாவிடமும் கோயிலில் வருகிறவர்களிடமும் காட்டிக்கொண்டு திரிந்தவள் நான். அப்போது உன் முகத்தைப் பார்த்தேன், கன்னம் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். இப்போது நீ பேசுவதைக் கேட்டேன். புது வெள்ளை மரக்கால்களுக்கு நடுவில் நின்றுகொண்டு எவ்வளவு அழகாகச் சொல்கிறாய். இது வீட்டைத் தாங்குற சுவர் இல்ல, கான்கிரீட்டுக்கு முன்னால நிக்கிற சும்மா சுவர், அதனாலதான் இதுல குழாய் விடலாம், தாங்குற சுவரா இருந்தா இன்ஜினியரைக் கேக்காம கை வைக்கக் கூடாது என்கிறாய். காலின் நடுவில் துளை போடணும், ஓரத்தை வெட்டக் கூடாது என்கிறாய். குழாய் போகிற இடத்தில் காலின் முகத்தில் இரும்புத் தகடு ஒன்றை வைத்து அடித்துக் காட்டி, நாளைக்கு யாராவது படம் மாட்ட ஆணி அடிச்சாலும் குழாய்க்குள்ள போகாது என்று சொல்லிச் சிரிக்கிறாய். உனக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. முகம் தெரியாத ஒருவன் நாளைக்கு ஒரு ஆணி அடிப்பான் என்று அங்கே உனக்குத் தோன்றுகிறது, அவனுக்காகத் தகடு வைக்கிறாய். அங்கே வைக்காவிட்டால் உன் வேலை போகும், கேட்க ஆள் உண்டு. இங்கே யார் கேட்பார்கள். இங்கே கீழே படுக்கிறவன் உன்னைப் பார்த்துப் பயப்படுகிறவன். அந்த வித்தியாசத்தைத்தான் நீ சுவருக்குள் வைத்து மூடினாய்.

இப்போதைய நிலைமையைச் சொல்கிறேன். குளியலறையைப் பூட்டிவிட்டேன், அப்பா மறுபடி படி இறங்கிப் பின்கட்டுக்குத்தான் போகிறார், அது போகட்டும். அப்பா துறையிலிருந்து இரண்டு மரத்துண்டு கொண்டு வந்து உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்தார். தரை ஊறிக் கிடப்பதால் முட்டு கீழே இறங்குகிறது, ஆப்பு அடித்தால் மறுநாள் மறுபடி தளர்ந்து நிற்கிறது. அப்பா தினமும் விடிந்ததும் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, அவன் பாத்துக்குவான் என்கிறார். அவன் என்றால் நீ. அஸ்கரை ஆள் விட்டுக் கூப்பிட்டேன். வந்தான், பார்த்தான், தலையைச் சொறிந்தான். இரும்புக் கால் நாலு வாடகைக்கு எடுத்து நிறுத்தி, கால்களை மாத்தி, குழாயைச் சந்து வழியா எடுத்துடலாம் அன்டி, ஆனா அண்ணன் சொல்லாம நான் கை வைக்கமாட்டேன், அப்புறம் நான்தான் கெடுத்தேன்னு என் தலையில கட்டுவார் என்றான். அவனும் உனக்குச் செய்தி போட்டிருக்கிறான். அதையும் நீ பார்த்திருக்கிறாய்.

தெட் நைங்கிடம் மேலே வந்து படுக்கச் சொன்னேன். சமையலறைப் பக்கம் செங்கல் சுவரின்மேல் நிற்கிறது, அது தொய்யவில்லை, நானும் அப்பாவும் இப்போது அங்கேதான் படுக்கிறோம், அவர்களுக்கும் இடம் இருக்கிறது. அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். பாயைச் சுருட்டிக்கிட்டு வெளியே வந்தோம்னா நீங்க அறையைப் பூட்டிடுவீங்க அன்டி, உங்க மகன் சொல்லிட்டாரே என்றான். நான் பூட்டமாட்டேன்டா என்றேன். வீடு உங்க மகன் கையில இருக்கு, நான் வாடகை பேசுனது அவரோட, காலி பண்ணுன்னு சொன்னதும் அவரு என்றான். நான் அதட்டியும் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். தலைக்கு மேலே தண்ணி போனா மகிமை போயிடும்னியே, இப்ப தலைக்கு மேலே வீடே வருதுடா என்று சொன்னேன், அவன் முகம் சிரிக்கவில்லை, யூ வாவும் சிரிக்கவில்லை. இன்சீனுக்குப் புஷ்பலதா வீட்டுக்கு அனுப்பலாமென்றால் முடியாது. அவர்கள் பெயர் வார்டு ஆபீஸில் நம் விலாசத்தில் மட்டும்தான் பதிவு. வேறு வீட்டில் படுத்திருந்து, பதிவில்லாமல் யார் தங்கியிருக்கிறார்கள் என்று பார்க்கிற விருந்தாளிச் சோதனைக்கு ஆள் வந்தால் அவர்களும் மாட்டுவார்கள், புஷ்பலதாவும் மாட்டுவாள். தெருவிலும் அவனால் நிற்க முடியாது. அவனுக்கு வயது என்ன தெரியுமா, உன் வயது. இருட்டினால் அவன் வாசலுக்குக் கூட வருவதில்லை, பட்டாளத்துக்குப் பிடித்துப் போய்விடுவார்கள் என்று. எதற்குப் பயந்து நான் என் வளையலையும் அப்பா தன் நிம்மதியையும் விற்று உன்னை விமானம் ஏற்றினோமோ, அதே பயம். நீ போக முடிந்தது, போனாய், அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவனுக்குப் போக வழியில்லை, வந்து நம் வீட்டின் கீழே ஒளிந்திருக்கிறான். பயந்து ஓடிய பையன் பயந்து ஒளிந்த பையனை வெளியே போ என்று சொல்கிறான். இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன், இக்ரா இந்தப் பக்கத்தைப் படம் எடுக்கும்போது படித்துவிடுவாள், படிக்கட்டும்.

உன்னைக் கெட்டவன் என்று நான் நினைக்கவில்லை. ஆணி அடித்தது யார் என்று கேட்டதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, நீ படத்தைப் பார்த்த நிமிஷமே உனக்கு எல்லாம் புரிந்துவிட்டது, வேறொருத்தர் செய்திருக்க வேண்டும் என்று நீ தவிக்கிறாய். தவிப்பதற்கு நேரம் இல்லை. மழை இன்னும் முழுசாக இருக்கிறது. கீழே இறங்கிப் போகும்போதெல்லாம் அந்த உத்தரத்தைக் கையால் தடவிப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் நேற்றைக்கு இன்று கொஞ்சம் கீழே இருக்கிற மாதிரி இருக்கிறது, என் கண்ணுக்குத்தான் அப்படியோ தெரியாது. அதற்கு நேர் கீழேதான் அவர்கள் பாய். இழுத்து ஓரமாகப் போடுங்கள் என்று சொன்னால், மறு ஓரத்தில் தண்ணீர் நிற்கிறது என்கிறாள் யூ வா. அதுவும் உண்மைதான்.

உன் கீழறையில் ஜன்னல் ஆள் நுழைந்து வெளியேறுகிற அளவுக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள், இல்லாவிட்டால் வேறு அறை தேடு, நல்லையாவின் முகத்துக்காக அங்கே கிடக்காதே. வேலை செய்யும்போது ரம்பத்தூள் கண்ணில் விழாமல் கண்ணாடி போட்டுக்கொள், வீடியோவில் நீ போட்டிருக்கவில்லை. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கிற தேதி வருகிறது, தூதரகத்துக்குப் போவதா வேண்டாமா என்று உனக்கு முன்னால் போனவர்களைக் கேட்டுவிட்டு முடிவு செய். ஆடி வெள்ளிக்கு உன் பேரில் கோயிலில் அர்ச்சனை செய்தேன், நீ நீண்ட ஆயுளோடு, நல்ல பெயரோடு, நாலு பேர் உன் வீட்டில் தைரியமாகத் தூங்கும்படி இருக்க அம்மன் அருள் செய்யட்டும். அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்.

அஸ்கருக்கு ஒரு வார்த்தை, தெட் நைங்குக்கு ஒரு வார்த்தை, அவ்வளவுதான் நான் கேட்பது. அஸ்கரிடம் இரும்புக் கால்களை இன்றைக்கே கொண்டு வந்து நிறுத்தச் சொல். தெட் நைங்கைக் கூப்பிட்டு, பதிவு செய்து அனுப்பாமல் நேராகக் கூப்பிட்டு, யூ வாவின் ஆணியால் எதுவும் ஆகவில்லை, வெட்டச் சொன்னது நான், அறை உங்களுடையதுதான், யாரும் பூட்டமாட்டார்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலே போய்ப் படுங்கள் என்று உன் வாயால் சொல். நான் சொல்லி அவர்கள் வரவில்லை, நீ சொன்னால்தான் வருவார்கள். அவன் தொலைபேசியைச் சார்ஜ் போட்டு அவனிடமே கொடுத்து வைத்திருக்கிறேன், கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
சிவகாமசுந்தரி